தவளைக்கு எக்ஸ்ரே எடுத்த காக்கா

உடம்பில் ஒரு நோவும் இல்லாத தவளைக்கு எக்ஸ்ரே எடுத்த மனிதர் இந்த உலகத்தில் ஒரேயொருவர்தான். அவர் எங்கள் எக்ஸ்ரே காக்கா. வேறு யாராவது எடுத்திருந்தால் அந்தத் தவளைக்குக் கட்டாயம் ஏதாவது வருத்தம் இருந்திருக்கும்.

கல்முனையில் ஓர் ஆஸ்பத்திரி. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லமாட்டேன், சொன்னால் ஊருக்குள் போக முடியாது. அங்கே நான் மருந்தாளர். காக்கா எக்ஸ்ரே அறைக்குப் பொறுப்பு. அவருக்கு உம்மா வாப்பா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். காக்கா என்பது எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் சொல். நான் தம்பிலுவில்லில் பிறந்த சைவப் பிள்ளை. எனக்கும் அவர் காக்காதான், டொக்டருக்கும் காக்காதான், வாசலில் கச்சான் கடலை விற்கிற கிழவிக்கும் காக்காதான்.

நெடுத்த மெலிந்த உடம்பு. கண் இரண்டும் சற்று வெளியே தள்ளியிருக்கும். தவளைகளோடு பழகிப் பழகித்தான் அப்படி வந்தது என்று தாதிமார் சொல்வார்கள்.

இந்தப் பைத்தியம் அவருக்குப் பயிற்சிக் காலத்திலேயே பிடித்துவிட்டதாம். கதிர் பொல்லாதது, ஈயச் சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் பொத்தானை அமுக்க வேண்டும் என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். கூடப் படித்தவர்கள் எல்லாரும் சுவருக்குப் பின்னால் போய் நின்றார்கள். காக்கா மட்டும் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார்: சுவர் இல்லாமல் முதன்முதலாகக் கதிருக்கு முன்னால் வந்து நின்றது யார்?

பதிலையும் அவரே எங்கெங்கோ தேடிப் படித்து வைத்திருந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் பிடித்துவிடுவார்.

"தம்பி, சூரியன்டா என்ன எண்டு நினைக்கிறாய்? சுவிச் இல்லாத எக்ஸ்ரே மெசின். கடலுக்குள்ள இரிக்கும் வரைக்கும் ஒரு உசிருக்கும் பயமில்ல. தண்ணிதான் சுவர். அதை விட்டுட்டு ஒருத்தன் கரைக்கு ஏறினான் பாரு, அவன்ட நெஞ்சுரத்தை என்னெண்டு சொல்ற!"

"ஆர் காக்கா அவன்?"

"தவளைட மூத்தவாப்பா. தோல் பச்சப்புள்ளட தோல். ஓடில்லாத முட்டை. வெயில் பட்டா எல்லாம் காஞ்சி கருகிப் போயிரும். சேத்துக்குள்ள ஒளிச்சி, மழைக்கு வெளிய வந்து, தண்ணிக்குள்ளயே முட்டையிட்டுக் காலத்தைக் கடத்தினான். அதுக்குப் பொறகு வந்தவன் கெட்டிக்காரன். ஓணான்ட மூத்தவாப்பா. தோலைச் செதில் வெச்சி மூடினான். முட்டைக்கு ஓடு போட்டான். கடலைச் சின்னதா ஒரு பொட்டிக்குள்ள கட்டித் தூக்கிட்டுக் காட்டுக்குள்ள போயிட்டான்!"

இதைச் சொல்லும்போது அவர் கையில் சோற்றுப் பருக்கை காய்ந்துவிடும். எனக்குக் குழம்பு ஆறிவிடும்.

வெயிலில் குடை இல்லாமல் அவரை ஒருவரும் கண்டதில்லை. எக்ஸ்ரே அறைக்கும் என் மருந்து யன்னலுக்கும் இடையில் முற்றம் ஒன்று. நாலு எட்டு வைத்தால் தாண்டிவிடலாம். அதற்கும் குடையை விரிப்பார். நெஞ்சில் போடுகிற ஈய ஏப்ரனைக் கழற்ற மறந்து தேநீர்க் கடைக்குப் போய், அதன் பாரத்தில் உட்கார்ந்த கதிரையோடு சரிந்து விழுந்ததும் உண்டு. கடைக்காரர் தூக்கிவிட்டு, "காக்கா, இரும்புச் சட்டை போட்டுக்கிட்டு எந்த ஊருக்குப் படை எடுக்கிற?" என்றார்.

தவளையைப் படமெடுத்ததோடு அவர் நிற்கவில்லை. ஒருமுறை அக்கரைப்பற்று வீதியில் பஸ் அடித்து ஒரு கபறக்கொய்யா செத்துக் கிடந்தது. கபறக்கொய்யா என்றால் உடும்புக்குப் பெரியண்ணன். வாய்க்காலில் கிடக்கும், ஆள் நீளம் இருக்கும். காக்கா அதைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து முன்னங்கையை எக்ஸ்ரே எடுத்தார். அதற்கும் நம்மைப் போல ஐந்து விரல் என்று எனக்குக் காட்டவேண்டுமாம். அன்றைக்குப் பார்த்து மீன் வியாபாரி ஒருவர் ஐஸ் பெட்டியில் கையை நசுக்கிக்கொண்டு வந்திருந்தார். படங்கள் மாறிவிட்டன.

டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். வியாபாரியின் கை பெரிய கட்டுக்குள் இருந்தது.

"என்ன இது, நகம் இவ்வளவு நீளமா வளர்த்திருக்கிறீங்க?"

வியாபாரி வெட்கத்தோடு தலையைக் குனிந்தார். "வெட்டத்தான் சேர் இரிந்தன். நேரம் கிடைக்கல்ல."

விசாரணை நடந்தது. அதிலே காக்கா சொன்ன பதில்தான் ஆஸ்பத்திரியில் வருடக்கணக்காக ஓடியது: "சேர், பிழை என்ட பக்கம்தான். ஆனா ஒரு பெரிய டொக்டருக்கே வித்தியாசம் புடிபடல்ல எண்டா, நான் சொல்ற விசயத்துல உண்மை இரிக்கிதானே?"

கதை ஆஸ்பத்திரியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தவளைதான் நம் பாட்டன் என்று காக்கா சொல்லித் திரிவதாக யாரோ பள்ளிவாசல் தலைவரிடம் மூட்டிவிட்டார்கள். தலைவர் பருத்த மனிதர், ஹாஜியார். வெயிலென்றால் அவருக்கு ஆகவே ஆகாது. காக்காவைக் கூப்பிட்டு விசாரித்தார். துணைக்குப் போன நான் பள்ளிக்கு வெளியே வேப்ப மரத்தடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஹாஜியார், நான் ஆருடையும் வாப்பாவைப் பத்திக் கதைக்கல்ல. கடல்ல இரிந்து கரைக்கு முதல் வந்தது ஆரு எண்டு மட்டும்தான் சொன்னன். அல்லாஹ் எப்படிப் படைச்சான் எண்டு பாக்கத்தானே கண்ணைத் தந்திரிக்கான்?"

"சரி, வந்தவரு வந்து என்ன செஞ்சாரு?"

"வெயிலுக்குப் பயந்து குளிந்த சேத்துக்குள்ள படுத்திட்டாரு."

ஹாஜியார் தோளில் கிடந்த துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"விசயம் தெரிஞ்ச ஆள்தான்" என்றார். விசாரணை அதோடு முடிந்தது.

காக்காவின் மனைவியை நான் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். அரிசி வாளியைத் திறந்தால் தவளை, குளியலறைத் தொட்டியில் தவளைக் குஞ்சான வால்பேத்தை, மாடத்தில் ஓணான். அந்தப் பெண் பொறுத்ததுபோல வேறு யாரும் பொறுத்திருக்க மாட்டார்கள். "இந்த மனிசனுக்கு நான் நாலு கால்ல நடந்திருந்தா இன்னும் விருப்பமா இரிந்திருப்பார் தம்பி" என்று சொல்லிச் சொல்லியே எனக்கு இடியப்பம் வைப்பார். ஒரே மகள், பஸ்னா. சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கப் போய்க்கொண்டிருந்தாள். வாப்பாவின் கண் அவளுக்கும் இருந்தது. அவளிடம் அது அழகாக இருந்தது.

பஸ்னாவுக்குக் கலியாணம் பேசினார்கள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்கவேண்டும். ராத்தா மேற்கே, வயல் பக்கம் கட்டச் சொன்னார். காக்கா கடற்கரையில்தான் கட்டுவேன் என்று நின்றார்.

"கடல்தான் எல்லா உசிருக்கும் தாய்வீடு. பொம்புளப் புள்ளைக்குத் தாய்வீட்டுப் பக்கத்துல ஊடு கட்டுறதுல என்ன பிழை?"

ராத்தா என்னைப் பார்த்து, "நீயாவது சொல்லு தம்பி" என்றார். நான் சொல்லிப் பார்த்தேன். உப்புக் காற்றுக்குக் கம்பி கறள் பிடிக்கும் என்று மட்டும்தான் எனக்குச் சொல்லத் தெரிந்தது. கடைசியில் காக்கா வென்றார். அவர் வாழ்க்கையில் ராத்தாவிடம் வென்றது அந்த ஒரு தடவைதான்.

வீட்டுக்குச் சுண்ணாம்பு பூசின நாள் நான் போயிருந்தேன். வாசலில் நின்றால் கடல். அன்றைக்குத்தான் அவர் எனக்கு ஒரு சாமானைப் பற்றிச் சொன்னார்.

"தவளைட முட்டைக்குள்ள ஒரு சாமான் இரிக்கி தம்பி. வெயில் உள்ளுக்குப் போய் உசிரை வெட்டும். வெட்டின இடத்தை இந்தச் சாமான் தைக்கும். எதைக் கொண்டு தைக்கும் தெரியுமா? அதே வெயிலைக் கொண்டு! வெட்டுறதும் வெளிச்சம், தைக்கிறதும் வெளிச்சம். ஓணானுக்கும் இரிக்கி. மீனுக்கும் இரிக்கி."

"நமக்கு?"

"இல்ல. தொலைச்சிட்டம். நம்மட பழைய ஆக்கள் எலி மாதிரிச் சின்ன ஆக்கள். பகல்ல பெரிய பெரிய பல்லியெல்லாம் ரோந்து திரியும். இவங்க பொந்துக்குள்ள. இருட்டினாத்தான் வெளிய வாற. கோடிக்கணக்கான வருசம் ஊரடங்குச் சட்டம்! வெயிலே படாதவனுக்குத் தைக்கிற சாமான் என்னத்துக்கு? அப்படியே இல்லாமப் போச்சு."

பஸ்னா வாசலில் நின்று சிரித்தாள். "வாப்பா, அப்ப நம்மளுக்கு வெட்டினா?"

"வேற வழியெல்லாம் இரிக்கி மகள். ஆனா அது அவ்வளவு நல்லாத் தைக்கா."

கலியாணத்துக்கு முன்பே மூவரும் அந்தக் கடற்கரை வீட்டுக்குக் குடிபோயிருந்தார்கள். சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காக்காவுக்கு லீவு. காலையில் மரத்தால் விழுந்த ஒருவரைக் கொண்டுவந்ததால் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். அதனால் அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். கடல் எங்கள் வாசல் வரைக்கும் வரவில்லை. மனிதர்கள் வந்தார்கள். கதவிலும் வண்டிலிலும் தோளிலும் வைத்துக்கொண்டு வந்தார்கள். முதலில் எங்களுக்கு என்ன நடந்தது என்றே விளங்கவில்லை. கடல் வந்துவிட்டது என்று ஒருவன் கத்தியபோது, அவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

விளங்கின பிறகு நான் எக்ஸ்ரே அறைக்கு ஓடினேன். காக்கா ஒரு கிழவரின் இடுப்பைப் படமெடுக்க நேராக வைத்துக்கொண்டிருந்தார்.

"காக்கா, வீட்டுக்குப் போங்க. நான் இங்க பாக்கிறன். போங்க!"

அவர் நிமிரவில்லை. "வரிசையப் பாத்தியா தம்பி?"

"வரிசை கிடக்கட்டும். ராத்தாவும் புள்ளயும்..."

"போனாத் தெரிஞ்சிரும்" என்றார். கிழவரை மூச்சைப் பிடிக்கச் சொன்னார்.

பொழுது சாய்கிற வரைக்கும் எடுத்தார். பிலிம் முடிந்தது. பிலிமைக் கழுவுகிற இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அப்போதுதான் ராத்தாவின் தம்பி வந்தார். உடம்பெல்லாம் மணல். ஒரு கால் செருப்பு இல்லை. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். வீடு இருந்த இடம் வெறும் மணலாம். அவர் போய் இருட்டறைக் கதவைத் தட்டினார்.

"மச்சான், கதவத் தொறங்க."

உள்ளே இருந்து காக்காவின் குரல் வந்தது. "தொறக்கேலா. பிலிம் வெளிய இரிக்கி. வெளிச்சம் பட்டாப் பழுதாப் போயிரும்."

உள்ளே ஒரு பிலிமும் இல்லை என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். கதவுக்கு வெளியே நிலத்தில் உட்கார்ந்துகொண்டோம்.

ராத்தாவையும் பஸ்னாவையும் காக்கா பிறகு தேடினார். கரை நெடுகத் தேடினார், தெற்கே கோமாரி வரைக்கும் நடந்தார். கிடைக்கவில்லை.

காக்காவுக்குத் தகரக் கொட்டில் ஒன்று கொடுத்தார்கள். பகலில் உள்ளே இருக்க முடியாது, வெந்துவிடும். உதவி செய்ய வந்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி கொட்டில் கொட்டிலாகப் போய், அவசரமாக என்ன தேவை என்று கேட்டாள். கூட ஒரு மொழிபெயர்ப்பாளர். காக்கா யோசிக்காமல், "தவளை" என்றார். கடல் வந்து போன இடமெல்லாம் கிணறு உப்பாகி ஒரு தவளைகூட மிஞ்சவில்லை. உப்பு அதன் தோலுக்கு நஞ்சு. மொழிபெயர்ப்பாளர் அந்தரப்பட்டுப் போனார். தவளை இல்லையென்றால் நுளம்பு, அதுதான் கொசு, கூடும் என்று தன்பாட்டில் கணக்குப் பார்த்து, நுளம்பு வலை என்று சொல்லிவிட்டார். அடுத்த கிழமை வலை வந்தது. காக்கா அதை மடிப்புக் குலையாமல் தலைக்கு வைத்துப் படுத்தார்.

"ஓணானைப் பாத்தியா தம்பி? மதில் இல்லாத ஊர்லயும் எங்கயோ இரிந்து வந்து கல்லு மேல இரிக்கி. அவனுக்கு உப்பும் ஒண்டுதான், வெயிலும் ஒண்டுதான். தோல் அப்படி" என்றார் ஒரு நாள். பிறகு, "கரைக்கு வந்ததே பிழை" என்றார். யாரைச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த மாரிக்கு அவரை என் மோட்டார் சைக்கிளில் ஏற்றி மேற்கே வயல் வட்டைக்குக் கொண்டுபோனேன். தவளைச் சத்தம் கேட்டால் மனம் கொஞ்சம் தேறும் என்று நினைத்தேன். கடல் அங்கே வந்திருக்கவில்லை. மழை விட்ட வயலெல்லாம் தவளை. காது அடைக்கிற சத்தம். காக்கா வரம்பில் இறங்கி நின்று கேட்டார். பிறகு குனிந்து சேற்றை அள்ளி வயலுக்குள் எறிந்தார். திரும்பவும் அள்ளி எறிந்தார்.

"கத்துறானுகள் பாரு! ஒண்டும் நடக்காத மாதிரிக் கத்துறானுகள்!"

எறிந்த இடத்தில் கொஞ்சம் அடங்கியது. உடனே திரும்பத் தொடங்கியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ராத்தா வீடு கட்டச் சொன்னது இந்தப் பக்கத்தில்தான்.

அதற்குப் பிறகு அவர் தவளையைப் பற்றிக் கதைக்கவில்லை. குடையும் இல்லை. உச்சி வெயிலில் வெறுந்தலையோடு முற்றத்தைத் தாண்டுவார். ஒரு நாள் மருந்து கொடுக்கப் போனபோது பார்த்தேன்: ஈய ஏப்ரன் ஆணியில் தொங்குகிறது, காக்கா சுவருக்குப் பின்னால் போகாமல் நோயாளிக்குப் பக்கத்தில் நின்று, நீட்டின வயரின் முனையிலிருந்த பொத்தானை அமுக்குகிறார்.

"காக்கா, ஏப்ரனைப் போடுங்க."

"என்னத்துக்கு? வெட்டினது வெட்டினதுதான். நம்மளுக்குத்தான் தைக்கிற சாமான் இல்லயே."

அன்றிலிருந்து காலையில் மருந்து யன்னலைத் திறக்கமுன் நான் போய் அவருக்கு ஏப்ரனைக் கட்டிவிடுவேன். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு உடுப்புப் போட்டுவிடுவது போலக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார். நான் போனதும் கழற்றிவிடுவார். மத்தியானம் போய்த் திரும்பக் கட்டுவேன். தாதிமாருக்குச் சிரிப்பு. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சில வருடங்கள் இப்படியே போயின.

போர் முடிந்தது என்று வானொலியில் சொன்ன அன்று சந்தியில் வெடி கொளுத்தினார்கள், வருகிறவர்களுக்குப் பாற்சோறு கொடுத்தார்கள். என் தம்பி சுதன் படிக்கிற வயதில் இயக்கத்துக்குப் போனவன். கடைசிச் சண்டை நடந்த வன்னியில் இருக்கிறான் என்று கடைசியாகக் கேள்விப்பட்டது. ஊரில் அம்மா சாப்பிடாமல் கிடந்தார். நான் மருந்து யன்னலுக்குப் பின்னால் போத்தல்களைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். வெடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் போத்தல்கள் அதிர்ந்தன.

காக்கா வந்தார். யன்னலைச் சாத்தினார். எனக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"தம்பி, சுதனுக்கு எங்கயாச்சும் எலும்பு முறிஞ்சிரிக்கா?"

எனக்குக் கோபம் வந்தது. "என்ன காக்கா கதைக்கிறீங்க இந்த நேரத்தில?"

"முறிஞ்சிரிக்கா எண்டு கேக்கன்."

சின்ன வயதில் மதிலால் விழுந்து இடது காறை எலும்பு முறிந்ததையும், நாட்டு வைத்தியர் கட்டி அது கோணலாகப் பொருந்தியதையும் சொன்னேன். காக்கா என் தோளில் விரலை வைத்து, "இந்த இடமா? இன்னும் உள்ளுக்கா?" என்று கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டார்.

"வவுனியாப் பக்கம் காயக்காரர் நிறைய வாறாங்களாம். எக்ஸ்ரே எடுக்க ஆள் காணாதாம். நான் போறன் எண்டு சொல்லிட்டன். முகத்தைப் பாத்து எனக்குத் தெரியா. தாடி வளந்திரிக்கும், மெலிஞ்சிரிப்பான், பேரையும் மாத்திச் சொல்லுவான். எலும்பை மாத்தேலாதே."

எழுந்து கதவடிக்குப் போனவர் திரும்பினார்.

"அந்த நல்ல ஏப்ரனை எடுத்துத் தா. அங்க நாள் முழுக்க நிக்கணும். நான் விழுந்திட்டா உன்ட தம்பிய ஆரு பாக்கிற?"

மாதக்கணக்கில் அங்கே இருந்தார். காலில் காயம், வயிற்றில் காயம், எதற்கென்று வந்தாலும், வருகிற இளம் பிள்ளைகளின் இடது காறை எலும்பை விரலால் தடவிப் பார்ப்பாராம். "ஐயா, நோகிறது கால்" என்பார்களாம். "தெரியும் மகன், சும்மா பாக்கன்" என்பாராம். ஒருவரைக்கூட அதற்காகப் படமெடுக்கவில்லை. "தேவையில்லாம ஒருத்தருக்கும் கதிர் அடிக்கக் கூடா தம்பி, விரல் போதும்" என்று தொலைபேசியில் சொன்னார். ஒவ்வொரு முறையும் கதையை முடிக்கும்போது குரல் தணிந்துவிடும்: "இண்டைக்கும் இல்ல."

திரும்பி வந்த அன்று அவர் தன் வீட்டுக்குப் போகவில்லை. பஸ்சால் இறங்கி நேரே என் ஆஸ்பத்திரிக் குவார்ட்டஸுக்கு வந்தார். பாதி ஆளாகியிருந்தார்.

"இல்ல தம்பி. நான் பாத்த ஆக்களுக்குள்ள அவன் இல்ல."

சோறு போட்டேன். இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு கையைத் தட்டில் வைத்துக்கொண்டு, "பஸ்னாக்கு ஒரு எலும்பும் முறிஞ்சதில்ல" என்றார். சுனாமிக்குப் பிறகு இத்தனை வருடத்தில் மகளின் பெயரை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. "ஒருக்காச் சரி விழுந்து முறிச்சிரிந்தா, எலும்பை வெச்சிச் சரி அடையாளம் புடிச்சிரிப்பன். அப்படிப் பொத்திப் பொத்தி வளத்திட்டன். நமக்கு ரெண்டு பேருக்கும் போய் நிக்கிறதுக்கு ஒரு இடமில்ல தம்பி."

அன்றுதான் அவர் அழுதார். நானும் அழுதேன். பக்கத்துக் குவார்ட்டஸ்காரர் ஏதோ சண்டை என்று நினைத்துச் சமாதானம் பண்ண வந்துவிட்டார்.

சுதன் வரவில்லை. அம்மா போய்ச் சேர்ந்தார். நான் கலியாணம் செய்யவில்லை. காக்காவும் நானும் ஓய்வு பெற்றுவிட்டோம். சுனாமி வீட்டுத்திட்டத்தில் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறார். கண் இரண்டிலும் புரை விழுந்திருக்கிறது. கதிரின் வேலையா, வயதின் வேலையா என்று டொக்டரால் சொல்ல முடியவில்லை. ஒப்பரேசனுக்கு வரச் சொன்னால், பார்க்க ஒன்றுமில்லை என்று அடம் பிடிக்கிறார். ஒவ்வொரு முறையும் சண்டை பிடித்துவிட்டுத்தான் வருகிறேன்.

ஆனாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் போகிறேன். ஒழுங்கைக்குள் என் மோட்டார் சைக்கிள் திரும்பும்போதே உள்ளே இருந்து, "வந்திட்டியா? ஏன் இவ்வளவு நேரம்?" என்று ஏசுவார். எனக்கு நேரமாகிவிட்டது என்று ஏசுவதற்கு, அவரை விட்டால் இந்த ஊரில் எனக்கு வேறு ஆளில்லை.